ஓபன்ஃபோம் கேஸ்களுக்கு ஒரு பொதுக் களஞ்சியம்: எதைச் சேர்ப்பது, யார் காப்பது?

கேள்வி, ஜனவரி 11

அண்ணா, நான் எம்.டெக். இரண்டாம் ஆண்டு. எங்கள் லேபில் ஓபன்ஃபோம் (திரவம், வாயு ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடுகிற இலவச மென்பொருள்) ஓட்டுகிற ஒவ்வொருவரிடமும் கேஸ் ஃபோல்டர்கள், அதாவது ஒரு கணக்குக்கான உள்ளீட்டு ஃபைல் தொகுப்புகள், குவிந்து கிடக்கின்றன. சீனியர் படிப்பை முடித்துக்கொண்டு கிளம்பினால் அவருடைய ஹார்ட் டிஸ்க்கோடு எல்லாம் போய்விடுகிறது, அடுத்து வருபவர் மறுபடியும் கேவிட்டி என்ற முதல் பாடக் கேஸில் இருந்து ஆரம்பிக்கிறார். என் யோசனை ரொம்ப எளிது: எல்லோருடைய கேஸ்களையும் கிட்ஹபில் ஒரே இடத்தில் போட்டுவிடுவோம். வடிகட்டல், விதிமுறை எதுவும் வேண்டாம். நிறைய இருந்தால் தேடுகிறவருக்கு ஏதாவது ஒன்று பொருந்திவிடும். இதற்குப் போய் ஏன் எல்லோரும் தயங்குகிறார்கள்?

ஜனவரி 11, இரவு

ஒரே இடத்தில் போடுவது சரி, தம்பி. அது என்றைக்கோ நடந்திருக்க வேண்டும். வடிகட்டல் வேண்டாம் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

கேஸ் ஓடுகிறது என்பது வேறு, சரியான விடை தருகிறது என்பது வேறு. எல்லை நிபந்தனையில் (ஓரங்களில் கொடுக்கிற மதிப்புகளில்) பொருந்தாத ஒன்றை எழுதிக் கொடுத்தாலும், மெஷ் (இடத்தைச் சின்னச் சின்னச் செல்களாகப் பிரித்த வலை) ஓரளவு ஒழுங்காக இருந்துவிட்டால் ரெசிடுவல் (கணக்கில் மீதி நிற்கிற பிழை) எல்லாம் அழகாக இறங்கும், படம் காட்டுகிற பாராவியூ மென்பொருளில் வண்ணப்படமும் வந்துவிடும். நம்மில் முக்கால்வாசிப் பேர் கற்றுக்கொண்டதே சீனியர் கொடுத்த ஃபோல்டரை நகலெடுத்து இன்லெட் (ஓட்டம் உள்ளே நுழைகிற இடம்) வேகத்தை மட்டும் மாற்றித்தான். அந்த ஃபோல்டரில் k, எப்சிலான் (டர்புலன்ஸ், அதாவது கொந்தளிப்பின் ஆற்றலும் அது தேய்கிற வேகமும்) இரண்டும் எந்த வேகத்துக்குக் கணக்குப் போட்டவை என்று எங்கேயும் எழுதியிருக்காது. வேகத்தைப் பத்து மடங்கு ஏற்றிவிட்டு k-ஐ அப்படியே விட்டால், உள்ளே நுழைகிற டர்புலன்ஸ் செறிவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சால்வர் (கணக்கைத் தீர்க்கிற நிரல்) அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. அந்த ஃபோல்டர் இன்னொருவர் கைக்குப் போகும், அவர் வேறொன்றை மாற்றுவார். பொதுக் களஞ்சியத்தில் இதையே வடிகட்டாமல் கொட்டினால் ஒரு லேபுக்குள் சுற்றிய பிழை ஊர் முழுக்கச் சுற்றும்.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. கேஸோடு அதன் விடையும் வர வேண்டும். என்ன வரணும், அந்த எண் எங்கிருந்து வந்தது, எந்தப் பதிப்பில் ஓட்டியபோது எவ்வளவு வந்தது. இது இல்லாத ஃபோல்டரை எடுத்துக்காட்டு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஜனவரி 12

உதாரணம் கேட்டிருக்கிறீர்கள். கேவிட்டியையே எடுத்துக்கொள்வோம், எல்லோரும் ஓட்டியதுதானே. 0.1 மீட்டர் பக்கமுள்ள சதுரம், மேல் மூடி நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்கிறது, கைனமாட்டிக் பாகுநிலை 0.01. ஆக ரெனால்ட்ஸ் எண் (வேகத்தை நீளத்தால் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தது) 10. மெஷ் 20-க்கு 20, நேரப்படி (ஒவ்வொரு கணக்கீட்டுக்கும் நகர்கிற நேரம்) 0.005 நொடி, முடிவு நேரம் 0.5 நொடி. ஐகோஃபோம் என்று சால்வரின் பெயரைத் தட்டினால் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும்.

இந்தப் பிரச்சினைக்கு உலகம் முழுக்க ஒப்பிட்டுப் பார்க்கிற தரவு கியா, கியா, ஷின் மூவரும் 1982-இல் வெளியிட்ட அட்டவணை. அது ரெனால்ட்ஸ் எண் 100-இல் தொடங்கி 10,000 வரை போகிறது. அதாவது, புதிதாக வருகிற மாணவர் முதன்முதலாக ஓட்டுகிற கேஸை அந்த அட்டவணையோடு ஒப்பிடவே முடியாது! டுடோரியல் எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் நோக்கம் சால்வரை எப்படி ஓட்டுவது என்று காட்டுவது, அதை நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் நாம் கட்டப்போகிற களஞ்சியம் அதற்கு அடுத்த படியில் நிற்க வேண்டும்.

பாகுநிலையை 0.001 ஆக மாற்றினால் ரெனால்ட்ஸ் எண் 100 ஆகிவிடும். இப்போது சதுரத்தின் நடுவே செங்குத்தாக ஒரு கோடு போட்டு, அதன் மேல் கிடைவேகத்தைப் பாருங்கள். அடியில் இருந்து 0.4531 பங்கு உயரத்தில் கியா அட்டவணை சொல்வது -0.2109, மூடியின் வேகத்தை 1 என்று வைத்துக்கொண்டு. ரீட்மீயில் (கேஸோடு வருகிற விளக்கக் குறிப்பில்) இந்த ஒரு வரி இருந்தால் போதும். ஓட்டிப் பார்க்கிற யாரும் தன் விடை எவ்வளவு விலகி நிற்கிறது என்று தானே தெரிந்துகொள்வார். 20 கட்டத்தில் ஒரு தடவை, 40-இல் ஒரு தடவை, 80-இல் ஒரு தடவை ஓட்டி அந்த எண் -0.2109-ஐ நோக்கி நகர்வதைப் பார்க்கிறபோது மெஷ் சார்பின்மை (கட்டங்களைக் கூட்டினாலும் விடை மாறாத நிலை) என்றால் என்னவென்று கையிலேயே புரியும். வகுப்பில் எத்தனை ஸ்லைடு போட்டாலும் அந்தப் புரிதல் வராது. நான் சொல்லிக்கொடுத்தவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 12, கொஞ்சம் கழித்து

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எண் வராமல் தவிப்பீர்கள். பாகுநிலையை மாற்றினால் 0.5 நொடி போதாது. அதற்குள் மூடி ஐந்து பக்க நீளம்தான் நகர்ந்திருக்கும், சுழல் இன்னும் நிலைபெற்றிருக்காது. முடிவு நேரத்தை 2 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். கட்டங்களை இரட்டிப்பாக்கும்போது நேரப்படியைப் பாதியாக்க வேண்டும், குரான்ட் எண் (ஒரு நேரப்படியில் ஓட்டம் எத்தனை செல்லைக் கடக்கிறது என்பது) 1-ஐத் தாண்டக் கூடாது.

ஜனவரி 15

"பதிப்பு எதற்கு, ஓபன்ஃபோம் ஓபன்ஃபோம்தானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லைங்க, அங்கேதான் பெரிய சிக்கலே இருக்கிறது.

வரலாறு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1980-களின் கடைசியில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் தொடங்கிய குறியீடு இது. 2004 டிசம்பரில் ஜிபிஎல் என்ற திறந்த மூல லைசென்ஸில் திறந்துவிட்டார்கள். 2011-இல் ஓபன்ஃபோம் ஃபவுண்டேஷன் உருவானது, 2012-இல் அதை வெளியிட்ட ஓபன்சிஎஃப்டி நிறுவனம் ஈஎஸ்ஐ குழுமத்தின் கைக்கு வந்தது. அதற்கப்புறம் இரண்டும் தனித்தனிப் பாதை. ஃபவுண்டேஷன் பதிப்புகள் 7, 8, 9 என்று எண்ணிக்கொண்டு போகின்றன. ஈஎஸ்ஐ பதிப்புகள் ஆண்டும் மாதமும் சேர்ந்து v2006, v2012 என்று வருகின்றன, ஆண்டுக்கு இரண்டு. இது போக ஃபோம்-எக்ஸ்டென்ட் என்று மூன்றாவது கிளையும் உண்டு. மூன்றுக்கும் தாய் ஒன்றுதான், ஆனால் கேஸ் ஃபைல்கள் இப்போது ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை.

பிட்ஸ்டெய்லி கேஸைப் பாருங்கள், பிட்ஸ், டெய்லி இருவரும் 1983-இல் வெளியிட்ட பரிசோதனையை வைத்துச் செய்தது, ஓட்டம் ஒரு படியில் இறங்கிப் பின்னால் சுழல்வது. உள்ளே வரும் வேகம் நொடிக்கு 10 மீட்டர், 12,225 செல். பழைய பதிப்பில் டர்புலன்ஸ் மாதிரியைச் சொல்கிற ஃபைலின் பெயர் டர்புலன்ஸ்-பிராபர்ட்டீஸ். ஃபவுண்டேஷன் கிளையில் 8-ஆம் பதிப்பில் அது மொமென்டம்-டிரான்ஸ்போர்ட் ஆகிவிட்டது. 10-இல் டிரான்ஸ்போர்ட்-பிராபர்ட்டீஸ் ஃபைல் ஃபிசிக்கல்-பிராபர்ட்டீஸ் ஆனது. 2023-இல் வந்த 11-இல் சிம்பிள்ஃபோம் தனி சால்வராகவே இல்லை, ஃபோம்ரன் என்ற ஒரே நிரலுக்குள் ஒரு மாட்யூலாகப் போய்விட்டது. ஈஎஸ்ஐ கிளையில் சிம்பிள்ஃபோம் இன்னும் சிம்பிள்ஃபோம்தான்.

இப்போது யோசியுங்கள். 2016-இல் யாரோ நல்ல மனசோடு பகிர்ந்த ஃபோல்டரை இன்று ஒரு மாணவி இறக்குகிறார், கல்லூரிக் கணினியில் 11 இருக்கிறது. ஃபைல் காணவில்லை என்று முதல் பிழை. பெயரை மாற்றுகிறார். அடுத்த பிழை. தேடினால் கிடைக்கிற பதில் இன்னொரு கிளையைப் பற்றியது. அவருடைய ஒரு வாரம் இப்படியே போகும், அதில் இயற்பியல் ஒரு துளிகூட இருக்காது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. நல்லா வரக்கூடிய பிள்ளைகள் இந்த இடத்தில்தான் "இது நமக்கு ஒத்துவராது" என்று விட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஜனவரி 16

ஓபன்ஃபோமோடு வருகிற மோட்டார்பைக் டுடோரியல் கேஸைத் தனி ஃபோல்டராக நகலெடுத்து அனுப்பினேன், ஓடவில்லை என்கிறார் ஒருவர். ஓடாது. வண்டியின் வடிவ ஃபைல் அந்த ஃபோல்டரில் இல்லை, டுடோரியல்களுக்குப் பொதுவான ரிசோர்சஸ் ஃபோல்டரில் இருக்கிறது. கேஸை முழுக்க ஓட்டுகிற ஆல்ரன் ஸ்கிரிப்டைத் திறந்தால் அதை அங்கிருந்து நகலெடுக்கிற வரி தெரியும். பகிரப்படுகிற கேஸ் தன் ஃபோல்டருக்கு வெளியே எதையும் தேடிப் போகக் கூடாது என்று முதல் விதியாகவே எழுதி வைக்கலாம்.

ஜனவரி 19

யார் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது என்பதுதான் இனி பேச வேண்டியது. மனிதர்களை நம்பினால் நடக்காது. உற்சாகம் முதல் ஆறு மாதம் இருக்கும், அப்புறம் ஒருவர் வேலைக்குப் போவார், ஒருவருக்குக் கல்யாணம் ஆகும்.

பக்கத்துத் துறையில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். மூலக்கூறு இயக்கவியலில் புளூமெட் என்று ஒரு நிரல் உண்டு, குரோமாக்ஸ், லாம்ப்ஸ் மாதிரியானவற்றோடு சேர்த்து ஓட்டுவது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் 2019-இல் புளூமெட்-நெஸ்ட் என்று ஒரு பொதுக் களஞ்சியத்தை அறிவித்தார்கள். ஆய்வுக் கட்டுரைக்குப் பயன்படுத்திய உள்ளீட்டு ஃபைலைக் கொடுத்தால் அதற்கு ஒரு அடையாள எண் தருகிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கு அடுத்த படி: அந்த உள்ளீடுகளைத் தற்போதைய பதிப்பிலும், வளர்ச்சியில் இருக்கிற பதிப்பிலும் கணினியே சோதித்து, வேலை செய்கிறதா இல்லையா என்று பக்கத்திலேயே காட்டிவிடுகிறது. பார்க்கிறவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஃபைல் கொடுத்தவர் எங்கே இருந்தாலும் சரி, கேஸ் நம்பகமாகவே இருக்கும்.

நாமும் இதைச் செய்யலாம். சின்னக் கேஸ் என்றால் ஒவ்வொரு கமிட்டுக்கும் (ஏற்றுகிற ஒவ்வொரு மாற்றத்துக்கும்) ஒரு டாக்கர் கன்டெய்னரில் (பதிப்பு மாறாமல் அடைத்து வைத்த மென்பொருள் சூழலில்) ஓட்டிவிடலாம், கேவிட்டி, பிட்ஸ்டெய்லி எல்லாம் இலவசச் சேவையிலேயே அடங்கும். ஓபன்ஃபோமோடு வருகிற ஆல்டெஸ்ட் ஸ்கிரிப்ட் டுடோரியல்களை ஒரு நேரப்படி மட்டும் ஓட்டிப் பார்க்கிறது. பதிப்பு மாறும்போது எது உடைந்தது என்று கண்டுபிடிக்க அது போதும். விடை மாறியதா என்று கண்டுபிடிக்கப் போதாது.

விடையை ஒப்பிடும்போது கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கம்பைலர் மாறினால், கோர் எண்ணிக்கை மாறினால், கூட்டல் நடக்கிற வரிசை மாறும், கடைசி இலக்கங்கள் மாறும். மெஷ் உருவாக்குகிற ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ் நிரல் இன்னும் ஒரு படி மேலே, 4 கோரில் ஓட்டினால் ஒரு மெஷ், 16 கோரில் ஓட்டினால் கொஞ்சம் வேறு மெஷ். எனவே ஒவ்வொரு கேஸுக்கும் இந்த எண் இவ்வளவுக்குள் வந்தால் சரி என்று ஒரு வரம்பை எழுதியவரே கொடுக்க வேண்டும். அந்த வரம்பைத் தீர்மானிக்கிற வேலையைச் செய்தவருக்குத் தன் கேஸ் உள்ளும் புறமும் தெரிந்திருக்கும். வடிகட்டலுக்கு அதைவிட நல்ல கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

ஜனவரி 20

பேராசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "நீங்கள் சொல்கிற நிபந்தனை எல்லாம் போட்டால் என் மாணவர்களில் ஒருவர்கூடக் கேஸ் தர மாட்டார். விடைத் தரவு தேடிப் பிடிப்பதே தனி ஆய்வு." மேடம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நேற்று முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

உயிரியல் மாதிரிகளுக்கு பயோமாடல்ஸ் என்ற களஞ்சியம் 2005-இல் இருந்து இருக்கிறது, ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம் நடத்துவது. அங்கே இரண்டு அடுக்கு. யாரும் மாதிரியைப் போடலாம். சரிபார்ப்பவர்கள் அதை ஓட்டி, கட்டுரையில் இருக்கிற வரைபடம் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்து, கிடைத்தால் சரிபார்க்கப்பட்ட அடுக்குக்கு ஏற்றுகிறார்கள். இந்தக் குழுவே 2021-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 455 மாதிரிகளை எடுத்து ஓட்டிப் பார்த்ததில், கட்டுரையில் இருக்கிற தகவலை மட்டும் வைத்துக்கொண்டு சுமார் பாதியைத் திரும்பப் பெற முடியவில்லை. கூடுதலாக மெனக்கெட்டபோது இன்னும் 12 சதவீதம் தேறியது. இதெல்லாம் மதிப்பாய்வு தாண்டி அச்சில் வந்த ஆய்வுகள். அப்படியிருக்க நம் லேப் ஃபோல்டர்களின் நிலை எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இப்போது நான் சொல்வது: வாசலில் நிபந்தனை குறைவாக இருக்கட்டும். பதிப்பு எண், ஒரு பத்தி விளக்கம், லைசென்ஸ், தானாக ஓடுகிற ஆல்ரன், இவ்வளவு போதும். அது கீழ் அடுக்கு. விடையோடும் வரம்போடும் வருகிறவை மேல் அடுக்கு. ஒருவர் கீழே போட்டதை இன்னொருவர் மேலே ஏற்றலாம், ஏற்றியவர் பெயரும் கேஸில் இருக்கும். விடை தேடுவது தனி வேலை என்றால் அந்த வேலைக்குத் தனிப் பெயர் கிடைக்கட்டுமே. முதல் நாள் நான் சொன்ன அளவுக்கு வாசலை இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. ஆனால் இரண்டு அடுக்கும் ஒன்றாகக் கலந்து தெரியக் கூடாது, அதில் மாற்றமில்லை.

ஜனவரி 24

"இதெல்லாம் வெளிநாட்டில் நடக்கும்" என்ற பேச்சு வந்துவிட்டது. அப்படி இல்லை. ஐஐடி பம்பாயில் இருக்கிற, திறந்த மூல மென்பொருளைக் கல்வியில் பரப்புகிற ஃபாஸ்ஸீ திட்டம் பல வருடமாகச் செய்துவருவது இதுதான், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் நிதியில். சைலாப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் பாடப்புத்தகத் துணை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு பாடப்புத்தகத்தை எடுத்து, அதில் தீர்த்துக் காட்டிய கணக்குகளை மாணவர் நிரலாக எழுதித் தர வேண்டும். டிடபிள்யூசிம் மென்பொருளில் வேதிப் பொறியியல் ஃப்ளோஷீட்கள், ஓபன்ஃபோமில் கேஸ் ஸ்டடி. சரிபார்த்து ஏற்றுக்கொண்டால் மாணவருக்குச் சின்ன மதிப்பூதியமும் சான்றிதழும் உண்டு. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளும் இதற்கு எழுதித் தரலாம்.

பாடப்புத்தகத் துணையில் ஒரு அழகு இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். புத்தகத்தில் விடை ஏற்கெனவே அச்சாகி இருக்கிறது! நிரல் சரியா என்று பார்ப்பவருக்கு வேறெதுவும் தேவையில்லை. விடைத் தரவு கிடைக்காது என்று தவிக்கிறவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம். குழாய்க்குள் லாமினார் ஓட்டம், இரண்டு தட்டுகளுக்கு நடுவே கூவெட் ஓட்டம், தட்டையான பலகை மேல் பிளாசியஸ் எல்லை அடுக்கு. எல்லாவற்றுக்கும் காகிதத்திலேயே விடை உண்டு. முதல் பத்து கேஸ் இவையாகவே இருந்தாலும் எனக்கு முழுத் திருப்தி.

சுவீடன் சால்மர்ஸ் பல்கலையில் திறந்த மூல சிஎஃப்டி (கணினி வழிப் பாய்ம இயக்கவியல்) பற்றி ஒரு பாடம் ஆண்டுதோறும் நடக்கிறது. மாணவர் ஒவ்வொருவரும் ஒரு தலைப்பை எடுத்து அறிக்கையும் கேஸ் ஃபைல்களும் தர வேண்டும், சக மாணவர் ஒருவர் அதைப் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும், எல்லாம் பொதுவில் கிடைக்கும். நான் பல விஷயங்களை அந்த அறிக்கைகளில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஃபைல்கள் அந்தந்த வருடப் பதிப்போடு நின்றுவிடுகின்றன, ஆனால் எழுத்து நிற்கிறது. ஏன் இந்த ஸ்கீம், ஏன் இந்த எல்லை நிபந்தனை என்று காரணத்தை எழுதியிருப்பதால் பத்து வருடம் கழித்தும் பயன்படுகிறது. ரீட்மீ எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். "இன்லெட்டில் ஃபிக்ஸட்வேல்யூ" என்று எழுதுவதால் பயனில்லை, அது ஃபைலிலேயே இருக்கிறது. அவுட்லெட்டை ஏன் அவ்வளவு தள்ளி வைத்தீர்கள், ஒய்-பிளஸ் (சுவரில் இருந்து முதல் செல் இருக்கிற தூரத்தின் அளவுகோல்) எவ்வளவு வந்தது, சுவர்ச் சார்பு (சுவரருகே ஓட்டத்தைத் தோராயமாகக் கணிக்கிற சூத்திரம்) போட்டதால் 30-க்கு மேல் வைத்தீர்களா என்று எழுதுங்கள்.

ஜனவரி 27

கோவையில் பம்பு டிசைன் செய்கிற நண்பர் ஒருவர் கேட்கிறார்: எங்களிடம் நல்ல கேஸ்கள் உண்டு, பரிசோதனை மேடையில் அளந்த ஹெட்டும் எஃபிஷியன்சியும் உண்டு, ஆனால் இம்பெல்லர் (பம்புக்குள் சுழல்கிற சக்கரம்) வடிவத்தை வெளியே கொடுக்க முடியாது, என்ன செய்வது?

உண்மைதான். விடையோடு வருகிற கேஸ் தொழில்துறையிடம்தான் அதிகம் இருக்கிறது, அவர்கள்தான் தர முடியாத நிலையில் இருக்கிறார்கள். நான் முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில் இதே நிலை. வால்வு ஒன்றுக்கு மெஷ் அமைப்பை மாதக்கணக்கில் செதுக்கினோம். வடிவம் வேண்டாம், வெறும் அமைப்பு ஃபைல்களையாவது வெளியே விடலாமா என்று கேட்டதற்கு மேலே இருந்து பதிலே வரவில்லை. வேலை அங்கேயே கிடக்கிறது.

வழி இருக்கிறது. வடிவத்தைப் பொதுவில் உள்ளதாக மாற்றிக்கொண்டு, முறையை மட்டும் கொடுப்பது. பம்புக்கு எர்கோஃப்டாக் மையவிலக்கு பம்பு என்று பொதுவில் உள்ள சோதனை வடிவம் ஒன்று உண்டு. 7 இறக்கை இம்பெல்லர், 12 வேன் டிஃப்யூசர், நிமிடத்துக்கு 2,000 சுற்று, பாய்மம் காற்று. அளவீடுகள் 1990-களிலேயே வெளியாகிவிட்டன, ஓபன்ஃபோமின் டர்போமெஷினரி குழு அதைக் கேஸாகவும் செய்தது. சுழல்கிற பகுதிக்கும் நிற்கிற பகுதிக்கும் நடுவே இடைமுகம் எப்படி வைப்பது என்று நீங்கள் தொழிலில் கற்றுக்கொண்டதை இந்தப் பொது வடிவத்தின் மேல் காட்டுங்கள். யாருடைய ரகசியமும் வெளியே போகாது. உங்கள் பக்கத்துப் பட்டறையில் இருக்கிற இளைஞருக்கு அது பெரிய தொடக்கம்.

லைசென்ஸ் பற்றியும் கேட்டார். ஓபன்ஃபோம் குறியீடு ஜிபிஎல். டுடோரியலில் இருந்து எடுத்து மாற்றிய ஃபைல் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், தரவுக்கும் விளக்கத்துக்கும் சிசி-பை (பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்கிற லைசென்ஸ்) போதும். ரொம்ப யோசிக்க வேண்டாம், ஏதாவது ஒன்று எழுதியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். எதுவும் எழுதாமல் கிடக்கிற ஃபோல்டரைச் சட்டப்படி யாரும் தொட முடியாது.

பிப்ரவரி 2

இதுவரை யாரும் பேசாத ஒன்று: உடைந்த கேஸ்கள்.

நாம் தேடும்போது என்ன தட்டச்சு செய்கிறோம்? "சரியாக அமைக்கப்பட்ட கேஸ்" என்றா? பிழைச் செய்தியை அப்படியே வெட்டி ஒட்டுகிறோம். ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்செப்ஷன் என்று நீளமாகக் கொட்டுமே, அதை. வெப்பக் கணக்கில் மறுசெய்கை எல்லையைத் தாண்டிவிட்டது என்று நிற்குமே, அதை. அந்தச் செய்தி எதனால் வந்தது என்று கேஸோடு காட்டுகிற இடம் எதையும் நான் பார்த்ததில்லை. அதனால் களஞ்சியத்தில் வேண்டுமென்றே உடைத்த கேஸ்களுக்கு ஒரு பகுதி வையுங்கள். ஓடுகிற கேஸ் ஒன்று, அதில் ஒரே ஒரு வரி மாற்றிய கேஸ் ஒன்று, அது தருகிற பிழைச் செய்தி, காரணம். k-க்கு இன்லெட்டில் பூஜ்யம் போட்டது, நேரப்படி பெரிதாகிக் குரான்ட் எண் எகிறியது, மெஷில் ஒரு மூலையில் செல் கோணல் 80 டிகிரியைத் தாண்டியது, அவுட்லெட்டில் பின்னோட்டம் நுழைந்தது. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்தில் ஓடுகிற சின்னக் கேஸாக இருக்கட்டும்.

இதற்கு வெளி விடைத் தரவும் வேண்டாம், பிழைச் செய்தியே விடை. மேடத்தின் மாணவர்கள் இங்கே தொடங்கலாம். பதிப்பு மாறினால் செய்தியும் மாறும், அதையும் கணினியே சோதித்துச் சொல்லிவிடும்.

பிப்ரவரி 3

மெஷையும் சேர்த்து ஏற்றாதீர்கள். கிட்ஹபில் ஒரு ஃபைல் 100 எம்பிக்கு மேல் போனால் வாங்காது, மெஷ் இருக்கிற பாலிமெஷ் ஃபோல்டர் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். மெஷை எப்படி உருவாக்குவது என்று சொல்கிற பிளாக்மெஷ்டிக்ட் ஃபைல் சில கேபிதான். மெஷை உருவாக்குகிற வழியைக் கொடுங்கள், மெஷ் தானாக வரும். வேறு மென்பொருளில் செய்த மெஷ் என்றால் செனோடோ என்ற ஆய்வுத் தரவுக் களஞ்சியத்தில் போட்டு டிஓஐ (நிரந்தர அடையாள எண்) வாங்கி, அந்த எண்ணை ரீட்மீயில் எழுதுங்கள். செர்ன் நடத்துவது, ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம் தருகிறார்கள், நமக்கு அது தாராளம். முடிவு நேர ஃபோல்டர்கள் எதுவும் வேண்டாம். ஒப்பிடத் தேவையான கோட்டின் மேல் எடுத்த எண்கள் மட்டும் ஒரு சின்ன ஃபைலில்.

பிப்ரவரி 9

ரீட்மீயைத் தமிழில் எழுதலாமா என்ற கேள்விக்கு: எழுதுங்கள், ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல்களில் பலவற்றைத் தமிழில் குரல் கொடுத்து வைத்திருக்கிறார்கள், ஆக இது புதிய வழி ஒன்றும் இல்லை. கட்டளைப் பெயரை எல்லாம் மொழிபெயர்க்கப் போக வேண்டாம். காரணம் எழுதுகிற பகுதி தமிழில் இருந்தால் போதும். அரசுக் கல்லூரியில் முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைக்கு ஃபைல் பெயர் ஆங்கிலத்தில் இருப்பது தொந்தரவே இல்லை. ஏன் இப்படி வைத்தோம் என்பது அயல்மொழியில் நாலு பக்கம் நீண்டால்தான் தடுக்கிறது.

பிப்ரவரி 15

தம்பி ரெனால்ட்ஸ் எண் 100, 400 இரண்டுக்கும் கேவிட்டியை மேல் அடுக்குக்குத் தயார் செய்து இணைப்பு அனுப்பியிருக்கிறார். ஃபோல்டர் தன்னிறைவாக இருக்கிறது, ஆல்ரன் இரண்டு கிளையிலும் ஓடுகிறது, நன்றாகச் செய்திருக்கிறார். ஒன்றை மட்டும் மாற்றச் சொல்கிறேன்.

400-க்கான ஒப்பீட்டில் செங்குத்து வேகப் படத்தில் ஒரு புள்ளி கோட்டை விட்டு வெளியே நிற்கிறது என்று சொல்லி, தரவு ஃபைலில் இருந்து அந்தப் புள்ளியை எடுத்துவிட்டார். x = 0.9063, கியா அட்டவணையில் -0.23827. அதற்கு ஒரு பக்கம் -0.22847, இன்னொரு பக்கம் -0.44993, நடுவில் இது வளைவோடு ஒட்டவே ஒட்டாது. அச்சுப்பிழை என்று கருதுகிறவர்கள் பலர், என் கருத்தும் அதுதான். ஆனால் அட்டவணையில் இருக்கிற 17 புள்ளியும் ஃபைலில் அச்சில் உள்ளபடியே இருக்க வேண்டும். அந்த வரிக்கு எதிரே ஒரு குறிப்பு எழுதி, ஒப்பிடுகிற ஸ்கிரிப்ட் அதை மட்டும் தாண்டிப் போகச் செய்யுங்கள். 16 புள்ளி மட்டும் இருக்கிற ஃபைலை அடுத்த வருடம் பார்க்கிறவருக்கு எது போனது, ஏன் போனது என்று தெரியாது. மூல அட்டவணையைத் திறந்து பார்த்துவிட்டு, விட்டுப்போனதாக நினைத்து அதைத் திரும்பச் சேர்ப்பார், சோதனை தோற்கும், தன் மெஷ்தான் சரியில்லை என்று நம்பிக் கட்டங்களை ஏற்றிக்கொண்டே போவார்.

மாற்றி அனுப்புங்கள், இன்றைக்கே சேர்த்துவிடலாம்.